ஓடினின் ஈட்டியும் கோக்ஸ்டாட் மயிலும்

2011 ஜூலை 22 அன்று நோர்வேயில் 77 பேரைக் கொன்றவன் தன் ஆயுதங்களுக்குப் பெயர் வைத்திருந்தான். நீண்ட துப்பாக்கிக்குக் குங்னிர். அது ஓடின் கடவுளின் ஈட்டி. கைத்துப்பாக்கிக்கு மியோல்னிர்; அது தோரின் சம்மட்டி. பெயர்களைப் பழைய ரூன் எழுத்துகளில் பொறித்தும் இருந்தான். இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கதைகளில் வரும் பெயர்கள் அவை. உட்டோயா தீவில் மட்டும் 69 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள்.

அன்று ஏரியில் நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் கம்சாயினி குணரத்தினம். இலங்கையில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்தவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். "எங்கட பிள்ளையும் அங்க நிண்டது" என்று கோயிலிலும் கடையிலும் பேசிக்கொண்டோம். அந்தக் கொலைகாரனின் கணக்கில் இந்த நாட்டுக்கு உரிமையில்லாதவர்கள் நாங்கள். அந்தக் கணக்குக்கு அவன் சாட்சிக்கு இழுத்தது ஓடினையும் தோரையும்.

இந்த வழக்கத்தை அவன் தொடங்கவில்லை. 1933இல் நோர்வேயில் பாசிசக் கட்சி தொடங்கிய விட்குன் க்விஸ்லிங், வைக்கிங் காலத்துப் பெருந்தலைகள் புதைக்கப்பட்ட போர்ரே மேடுகளில் தன் கூட்டங்களை நடத்தினார். கட்சியின் சீருடைப் படைக்கு ஹிர்ட் என்று பெயரிட்டார். பழைய நோர்வே அரசர்களின் மெய்க்காவல் பரிவாரத்துக்கு இருந்த பெயர் அது. ஜெர்மனியில் எஸ்.எஸ். படை ரூன் எழுத்தைக் கழுத்துப்பட்டியில் அணிந்தது. நோர்வேயர் சேர்ந்த அதன் ஒரு டிவிசனுக்கு வீக்கிங் என்றே பெயர். 1942 நவம்பர் 26 அன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஒஸ்லோவின் துறைமுகத்தில் 500க்கும் மேற்பட்ட யூதர்கள் டோனாவ் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். வீடு வீடாகப் போய் அவர்களைப் பிடித்தவர்களில் ஹிர்ட் ஆட்களும் இருந்தார்கள். முன்னோர் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நகரம் அப்போதே பார்த்துவிட்டது.

போர் முடிந்தும் சின்னங்கள் திரும்பி வந்தன. நோர்டிக் எதிர்ப்பு இயக்கம் என்ற நவநாஜி அமைப்பு டீர் ரூனைக் கொடியில் வைத்திருக்கிறது. மேல்நோக்கிய அம்பு போன்ற எழுத்து. டீர் யார்? ஓநாயைக் கட்டுவதற்காக அதன் வாய்க்குள் தன் கையைப் பிணையாக வைத்து, அந்தக் கையை இழந்த கடவுள். அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு 2017 ஜூலையில் கிறிஸ்தியான்சாண்ட் நகரத் தெருவில் இவர்கள் ஊர்வலம் போனார்கள். அடுத்த ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்குக்காக நோர்வே பனிச்சறுக்கு அணிக்குப் பின்னிய ஸ்வெட்டரில் அதே ரூன் இருந்ததால் சர்ச்சை எழுந்து, அணி அதை அணியாமல் விட்டது.

தேர்தலில் இவர்கள் ஒரு பொருட்டே இல்லை. 2018 சுவீடன் தேர்தலில் 0.1 சதவீதம்கூட எட்டவில்லை. ஆனால் ஆபத்து வாக்குப்பெட்டியில் மட்டும் இல்லை. தனியறையில் வெறுப்பை வளர்க்கும் ஓர் இளைஞனுக்குத் தான் ஒரு மாவீரன் என்ற நினைப்பை அந்தச் சின்னம் கொடுக்கிறது. அதைவிட மெல்லிய வடிவமும் உண்டு. ரூன் எதுவும் அணியாமல், கோட்டுப் போட்டுக்கொண்டு, முன்னோரின் நாடு யாருக்குச் சொந்தம் என்று கேட்கிற அரசியல். அந்தக் கேள்விதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது, ஏனென்றால் அதைப் பலரும் நியாயமான கேள்வி என்றே நினைக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் தோரின் சம்மட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். தகப்பன் கொடுத்தது. கிறிஸ்தியான்சாண்ட் ஊர்வலத்துக்குப் பிறகு அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். உங்களைப் போன்றவர்கள் பார்த்துப் பயப்படக் கூடாது என்றார். அவர் இழந்தது என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கல்யாண அழைப்பிதழில் சுவஸ்திகா போடுவதை எங்கள் குடும்பமும் இங்கே நிறுத்திவிட்டது. இருவரிடமும் பறித்த கை ஒன்றுதான்.

834இல் புதைக்கப்பட்ட ஓசேபேர்க் வைக்கிங் கப்பலில் ஒரு மரவாளி கிடைத்தது. அதன் பிடியில் சம்மணமிட்டுக் கண்மூடி இருக்கும் ஓர் உருவம். நெஞ்சில் எனாமலில் சுவஸ்திகாக்கள். புத்தர் வாளி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அயர்லாந்துப் பக்கத்து வேலைப்பாடு என்கிறார்கள். அதே கப்பலில் கீழைத்தேசப் பட்டும் இருந்தது. 1880இல் தோண்டிய கோக்ஸ்டாட் கப்பலில் குதிரைகளோடும் நாய்களோடும் இரண்டு மயில்களின் எலும்புகள் இருந்தன. எங்கள் முருகனின் பறவை, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே நோர்வே மண்ணில், ஒரு தலைவனின் பக்கத்தில். வைக்கிங்குகள் தூரத்துப் பொருளை விரும்பியவர்கள், அதைத் தேடிக் கடல் கடந்தவர்கள், கொள்ளையும் அடித்தவர்கள். அடிமை வியாபாரமும் செய்தார்கள். அதை மறைத்து அவர்களை நல்லவர்களாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வெள்ளை இனத் தூய்மை அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை. 2020இல் 442 பேரின் எச்சங்களில் மரபணுவைப் படித்த ஆய்வு, பலருக்குப் பழுப்பு முடி இருந்ததையும் தென் ஐரோப்பிய இரத்தம் கலந்திருந்ததையும் காட்டியது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னியில் வைக்கிங் முறையில் வாளோடு புதைக்கப்பட்டிருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். கடவுள்களை எடுத்தாலும் அப்படித்தான். ஓடினின் தாய் அரக்கர் குலம். தோரின் தாயும் அப்படியே.

2019இல் சுவீடன் அரசு சில ரூன்களைத் தடை செய்யலாமா என்று ஆராய்ந்தபோது, அவற்றை வழிபாட்டில் வைத்திருக்கும் மக்கள் நாடாளுமன்றத்தின் முன் கூடி எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம். தடை செய்தால் அந்த எழுத்து நவநாஜிகளுக்கே எழுதிக் கொடுக்கப்பட்டதாகிவிடும்.

பிக்டோயில் இருந்த வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தை 2022இல் பெரிதாக்கிக் கட்டுவதற்காக மூடினார்கள். புதிய மண்டபத்தில் கோக்ஸ்டாட் மயில்களுக்கு ஒரு நல்ல இடம் கொடுக்க வேண்டும். அதன் பக்கத்தில் போர்ரே மேடுகளில் க்விஸ்லிங் நடத்திய கூட்டத்தின் படத்தையும் பெரிதாக மாட்ட வேண்டும். ஒஸ்லோவின் குரூருட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, எங்கள் பிள்ளைகளும் நோர்வேக்காரரின் பிள்ளைகளும் கலந்த அந்த வகுப்பை, இரண்டின் முன்னாலும் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.