துணிக்குக் காவலிருந்த அம்மா

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தி நிரந்தரமாகக் குடியிருக்கும். ‘குற்றால அருவிகளில் குளிக்கத் தடை.’ மறுநாள், ‘தடை நீக்கம்... சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி.’ அதற்கு அடுத்த நாள் மறுபடியும் தடை. போட்டோவை மாற்றி, ஒரு வரியை மாற்றி ஏற்ற வேண்டியதுதான். மலைக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு, பேரருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று சென்னையிலிருந்து நான்தான் போனில் சொல்வேன்.

எங்கள் ஊர் இளையரசனேந்தல். முன்பு சங்கரன்கோவில் தாலுகா. இப்போது தாலுகா ஆபீஸுக்குக் கோவில்பட்டி போக வேண்டும், ஊராட்சி ஒன்றியத்துக்குக் குருவிகுளம் போக வேண்டும். அது இரண்டு மாவட்டத்துக் கதை, தனிக் கட்டுரைக்கு ஆகும்! கரிசல் பூமி. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் எல்லாமே வானம் பார்த்துத்தான். அதனால் ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் தெருவே வேன் பிடித்துக் கிளம்பிவிடும்.

சில மாதங்களுக்கு முன், ஜெர்மனியில் இருக்கும் பாடன்-பாடன் என்ற ஊரைப் பற்றி ஒரு போட்டோ ஸ்டோரி எழுதினேன். பூமிக்குள்ளிருந்து 68 டிகிரி சூட்டில் ஊற்றெடுக்கும் வெந்நீருக்காக ரோமானியர் காலத்திலிருந்தே ஆட்கள் போகும் ஊர். 1877-ல் திறந்த குளியல் மாளிகை இன்றைக்கும் இயங்குகிறது. 2021-ல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் 11 குளியல் நகரங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதற்கும் இடம் கிடைத்தது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அங்கே போகிறவர்கள் குளிப்பதற்கு மட்டும் போவதில்லை. மர நிழலில் நடக்கிறார்கள், கச்சேரி கேட்கிறார்கள், ஊற்று நீரைக் குடிப்பதற்கென்று கட்டிய மண்டபத்தில் 14 சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஊரையே சுற்றிப் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி.

போனில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நம்ம குத்தாலத்துலயும் பாக்க என்னமோ இருக்குங்காக. நான் எங்க பாத்தேன்?” என்றார்.

“எட்டுத் தடவ போயிருக்கியேம்மா?”

“போனேன். துணிமணிக்குக் காவல் யாரு இருப்பா? ஒங்க அப்பா, சித்தப்பாமாரு, நீங்கெல்லாம் குளிச்சிட்டு வருவிய. அதுக்குள்ள சோத்துப் பானையத் தொறக்கணும். நான் தல நனையக் குளிச்சது ரெண்டே தடவ.”

அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். வலது தோள்பட்டை எப்போதும் வலிக்கும். அந்தத் தோளில் அருவித் தண்ணீர் விழ வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன ஜூலையில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். நானும் அம்மாவும் மட்டும். சங்கரன்கோவிலில் பஸ் மாறி, தென்காசியில் இறங்கினோம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பஸ் கிளம்பும்போதே எங்கள் டெஸ்க்கிலிருந்து மெசேஜ்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் தடை. அம்மாவிடம் சொன்னேன். “வந்தது வந்தாச்சு, ஊரப் பாப்போம்” என்றார்.

பேரருவியைத் தூரத்தில் நின்றுதான் பார்க்க முடிந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தரையில் விழுவதில்லை. நடுப்பாறையில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் மற்ற நாட்களில் மனிதர்கள் அடியில் நிற்க முடிகிறது. அன்றைக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்த யாரும் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அருவிக்கரையிலேயே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவில். இங்கே தலமரம் பலா. குறும்பலா என்கிறார்கள். அந்த மரத்துக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் பாடியிருக்கிறார். பெருமாளை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தல புராணம். அந்தத் தலைவலி தீரத்தான் சுவாமிக்குத் தைலம் சாத்துகிறார்களாம். “சாமிக்கே தைலம்னா, நான் கோடாலித் தைலம் தேய்க்கறதுல தப்பில்ல” என்றார் அம்மா.

சித்திரசபையில்தான் அதிக நேரம் இருந்தோம். நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், இங்கே சித்திரம். ஆடுகிற நடராஜரே சுவரில் ஓவியமாகத்தான் இருக்கிறார். எதிரே தெப்பக்குளம். வேன் கூட்டமெல்லாம் அருவிப் பக்கம் போய்விடுவதால் இங்கே ஆள் அரவமே இல்லை. அம்மா சுவர் சுவராக நின்று, ஒவ்வொரு படத்திலும் யார் என்ன கதை என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிக் கதை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இத்தனை கதை தெரியும் என்பதும் தெரியாது.

ஐந்தருவி சாலையில் ரசிகமணி டி.கே.சி.யின் நினைவிடம் இருக்கிறது. கம்பனைக் கொண்டாடியபடி கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, 1954-ல் மறைந்தவர். கல்கியும் ராஜாஜியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலிலிருந்து கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்தார்கள். பாடன்-பாடனில் கச்சேரி மண்டபம் என்றால், இங்கே ஒரு வீட்டில் பேச்சு.

வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பட்டையும் பயிரிட்டுப் பார்த்த மலை இது. அம்மா கால் கிலோ மங்குஸ்தானுக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசினார்.

மத்தியானம் ஆட்டோக்காரர் ஒருவர், “புலியருவில குளிக்க விடுதாக, போறியளா?” என்றார். சின்ன அருவி. மூலிகைத் தண்ணீர் என்பதையெல்லாம் நான் ஆராயப் போவதில்லை. தண்ணீர் விழுகிறது, அது போதும்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நீ வரலயாட்டி? பைய யாரு பாப்பா?” என்று பழக்கத்தில் கேட்டார்.

“நான் இருக்கேன். நீ போ.”

படிக்கட்டில் பையையும் மங்குஸ்தானையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா வலது தோளைத் தண்ணீருக்குக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் மாறி மாறிப் போனார்கள், அம்மா நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, “தென்காசி பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா” என்று கத்தினேன்.

“அடுத்த பஸ்ஸுல போவோம்” என்று அருவிக்குள்ளிருந்து பதில் வந்தது.