இரண்டு பஸ்ஸில் போனவர்கள்

பேராண்டி, பயிற்சி நடுவே தண்ணீர் கேட்கிறவன் உருப்பட மாட்டான் என்று உங்கள் கோச் சொன்னதாக நேற்று போனில் சொன்னாய். அதற்குச் சாட்சியாக அமெரிக்காவின் ஜங்ஷன் கதையையும் சொன்னாராம். அவர் சொன்னது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன், கேள்.

1954. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்குப் புதுக் கோச்சாக வந்தார் பால் பிரையன்ட். ஊரெல்லாம் அவரைக் கரடி என்றே கூப்பிடும். செப்டம்பர் முதல் தேதி பையன்களை பஸ்ஸில் ஏற்றி, ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். டெக்ஸாஸில் அப்போது வருஷக்கணக்கான வறட்சி. வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. மைதானம் என்று பெயர்தான், கல்லும் முள்ளும். படுக்கத் தகரக் கொட்டகை. பத்து நாள், விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை மோதல் பயிற்சி. நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு பையன் வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்து, செத்துப் பிழைத்தான். ராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். இரண்டு பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம் என்று, கடைசிவரை நின்றவர்களில் ஒருவரான ஜீன் ஸ்டாலிங்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இனி நடந்ததைப் பார். முதல் ஆட்டத்திலேயே டெக்ஸாஸ் டெக்கிடம் 41-9 என்று தோற்றார்கள். அந்த வருஷம் ஆடிய பத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஜார்ஜியாவை 6-0. மற்ற ஒன்பதும் தோல்வி. டி.சி.யூ. டீமிடம் ஒரே ஒரு புள்ளியில். ஹூஸ்டனிடம் மூன்று, எஸ்.எம்.யூ.விடம் மூன்று. அக்கால விதிப்படி ஆட்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொருவர்தான். மாற்றுக்கு ஆள் குறைந்த டீம் கடைசிக் கால்மணி நேரத்தில் என்ன பாடுபட்டிருக்கும், நினைத்துப் பார். ராத்திரியில் போனவர்களில் ஒரு ஐந்தாறு பேர் இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளி கிடைத்திருக்காதா? எனக்குக் கிடைத்திருக்கும் என்றே படுகிறது.

இரண்டு வருஷம் கழித்து, 1956இல், ஒரு சமனைத் தவிர எல்லாவற்றையும் ஜெயித்து அதே கல்லூரி தன் சவுத்வெஸ்ட் லீக்கில் சாம்பியன் ஆனது உண்மை. ஸ்டாலிங்ஸும் ஜாக் பார்டியும் அந்த டீமில் இருந்தார்கள். அதனால் ஜங்ஷன்தான் சாம்பியனை உருவாக்கியது என்கிறார்கள். ஆனால் அதே டீமில் ஜான் டேவிட் க்ரோ என்று ஒருவர் இருந்தார். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 1957இல் வாங்கியவர். 1954இல் அவர் முதல் வருஷ மாணவர். முதல் வருஷத்தாருக்குப் பெரிய டீமில் இடமில்லை என்பதால் ஜங்ஷனுக்கே போகவில்லை. அங்கே தாகத்தில் துடிக்காமலேயே அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனார். உன் கோச் இதைச் சொன்னாரா?

பிரையன்டை நான் குறைத்துப் பேசவில்லை. 38 வருஷத் தலைமைப் பயிற்சியில் 323 வெற்றி. தோல்வி மிகுந்த வருஷம் அந்த 1954 ஒன்றுதான். அவரை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. தன் சுயசரிதையில், அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இப்போதானால் ஓய்வு கொடுப்பேன், தண்ணீர் கொடுப்பேன் என்கிற பொருளில் எழுதிவைத்தார். அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்திருந்தால் நானும் ஓடித்தான் போயிருப்பேன் என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர் வாயிலிருந்து இது வருவது லேசா? ஓடிப்போனவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது?

காலையில் ஐந்து மணிக்கு எழு. ஓடு, விழு, தோற்றுவிட்டு அழு. அதையெல்லாம் வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பு வியர்த்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்க்கத் தண்ணீர் வேண்டும். இதில் வீரம் எங்கே வருகிறது? நாளைக்குப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோ. கோச் கேட்டால் தாத்தாவிடம் பேசச் சொல்.

நான் பேசினால் அவருக்கு என் கதையைத்தான் சொல்வேன். முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். கிரவுண்டு ஓரம் வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பானை இருக்கும். விசில் ஊதி முடிக்கும்வரை ஒருவரும் அதைத் தொடக்கூடாது. நடுவில் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள், நானும் அதையே சொல்லித்தந்தேன். ஒரு பங்குனி வெயிலில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பானையிடம் போய்விட்டான். எல்லார் முன்னாலும் நிறுத்தி, "நீயெல்லாம் எதுக்குடா விளையாட வர்றே?" என்று கேட்டேன். மொண்ட தண்ணீரைத் திரும்பப் பானையிலேயே ஊற்றி, மூடிவைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அந்த டீமில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது. அவன் வீடு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் ஒருநாளும் போய்க் கூப்பிடவில்லை.