மலை கரைந்தால் பவளம் மூடும்

நவம்பர் 18

த்ராட் கரையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் கோ சாங் தீவு. தாய்லாந்துக் கடற்கரையின் கிழக்குக் கோடி. கம்போடிய எல்லை பக்கத்தில்தான். 1982இல் இந்தத் தீவுக்கூட்டத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 650 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி கடல். ஆனால் படகில் வரும்போது கண்ணை நிறைப்பது மலைதான். 700 மீட்டருக்கு மேல் எழும்பி, உச்சிவரை பச்சை. மழைக்காலம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. அருவியில் தண்ணீரும் இருக்கும், கடலும் தெளியத் தொடங்கும். நான் வர விரும்பிய பருவம் இதுதான்.

நவம்பர் 19

க்லோங் ப்லூ அருவி. காட்டுப் பாதையில் வேர்களைத் தாண்டி நடந்தால், பாறை இடுக்கில் வெள்ளையாக விழுகிறது. கீழே தடாகத்தில் மீன்கள் காலைச் சுற்றி வருகின்றன. நாலைந்து நாள் முன்பு நல்ல மழையாம். ஆனாலும் தண்ணீரில் கலங்கலே இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிந்தது. இலைச்சருகும் வேரும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மெல்லக் கசியவிடுகின்றன. மண் மலையிலேயே தங்கிவிடுகிறது. நெடுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது மேற்குக் கரையில்தான் கடலில் சேர்கிறது.

நவம்பர் 20

கிழக்குப் பக்கம், தான் மயோம் அருவி. மன்னர் சுலாலங்கோர்ன் இங்கு வந்து பாறையில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கச் செய்திருக்கிறார். பின்வந்த மன்னர்களின் எழுத்துகளும் உண்டு. மற்றபடி நாள் முழுக்கத் தூறல்.

நவம்பர் 21

தெற்கே கோ ரங் தீவுகளுக்குப் படகு. இவையும் பூங்காவின் எல்லைக்குள்தான். படகுக்காரர் முதலில் சொன்னது சன்ஸ்கிரீன் பற்றி. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் போன்ற பொருள்கள் கலந்த பூச்சுகளைக் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தாய்லாந்து தடைசெய்திருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். வரவேற்கிறேன்.

குழாயை வாயில் கவ்வித் தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் வேறொரு ஊர். பாறாங்கல் போல உருண்ட பவளங்கள், நீண்ட கருமுட்களோடு கடல் முள்ளெலிகள், நீலமும் பச்சையுமாக உதடு விரிக்கும் ராட்சத மட்டிகள். பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசி வாழ்கிறது. அது வெயிலில் சமைத்துத் தருவதில்தான் பவளத்தின் பெரும்பங்கு உணவு. கடல் அதிகம் சூடானால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். 2024இல் தாய்லாந்து வளைகுடாவில் பல இடங்களில் அப்படி நடந்தது. அந்தச் சூட்டைத் தணிக்க இந்தத் தீவால் முடியாது. சேற்றைத் தடுக்க முடியும். சரிவில் மரத்தை வெட்டி விடுதி எழுப்பினால், அடுத்த மழையில் செம்மண் கடலுக்கு வரும். வெயில் மறையும், பாசி பட்டினி கிடக்கும், படிந்த மண்ணைத் தள்ளித் தள்ளியே பவளம் களைத்துப்போகும். ஏற்கனவே சூட்டில் வெளுத்தது மீளவும் தெளிந்த நீர் வேண்டும். அருவிக்கு ஒரு நாள், பவளத்துக்கு ஒரு நாள் என்று நாம் பிரித்து வைத்துக்கொள்கிறோம். இரண்டையும் காப்பது அதே காடு.

நவம்பர் 22

பாங் பாவிலிருந்து சலக் பெட். வரைபடத்தில் இரண்டும் அருகருகே, தீவின் தென்முனையில். ஆனால் இடையே சாலை இல்லாததால் வடக்கே போய்த் தீவைச் சுற்றித்தான் வரவேண்டும். பாதி நாள் போனது. சலக் பெட்டில் இறங்கியதும் அலையாத்திக் காடு, தண்ணீருக்குள் கால் ஊன்றிய மீனவர் வீடுகள். மலை விடும் கொஞ்சநஞ்ச மண்ணையும் அலையாத்தி வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. இந்த இரண்டு ஊர்களையும் சாலை போட்டு இணைக்க வேண்டாம். போட்டால் அந்தச் சரிவை வெட்டித்தான் போடவேண்டும். வருகிறவர்கள் பாதி நாள் சுற்றியே வரட்டும்.