லக்னோவில் ஒரு 'நீங்கள்'

லக்னோவுக்குப் போகிறீர்களா? பெட்டியில் புடவைகளோடு 'ஆப்' என்ற சின்னச் சொல்லையும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 'நீங்கள்' என்று அர்த்தம்.

நம் வீட்டுப் பேச்சில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு படிகள்தாம். ஹிந்தியில் மூன்று: 'தூ', 'தும்', 'ஆப்'. "உட்கார்" என்பதுகூட 'பைட்', 'பைட்டோ', 'பைட்டியே' என்று கூடவே மாறும். 'தூ' கடவுளுக்கும் உண்டு, உயிர்த் தோழிக்கும் உண்டு, சண்டைக்காரனுக்கும் உண்டு! அதன் பக்கமே நாம் போக வேண்டாம். ஆனால், நம்மை ஏமாற்றுவது நடுப்படியான 'தும்'தான்.

1775-ல் நவாப் ஆஸப் உத்தௌலா, பைஸாபாத்திலிருந்த தலைநகரை லக்னோவுக்கு மாற்றினார். 1856-ல் நவாபின் ராஜ்யம் பறிபோயிற்று. பேச்சிலிருந்த மரியாதை போகவில்லை. "முதலில் நீங்கள் ஏறுங்கள்", "இல்லை, முதலில் நீங்கள்" என்று உபசாரம் செய்துகொண்டே இரண்டு நவாபுகள் ரயிலைத் தவறவிட்ட வேடிக்கைக் கதையை யாரும் உங்களுக்குச் சொல்வார்கள்.

அந்த ஊரின் பழைய கடைவீதியான சௌக்கில், சிக்கன் பூவேலைத் துணி வாங்கப் போனேன். மத்யமா பரீட்சை பாஸ் செய்த தைரியம்! கடையிலிருந்த பெரியவரிடம், "தும் கித்னா லோகே?" என்று விலை கேட்டேன். 'தும்' என்றால் நம் 'நீர்' மாதிரி என்பது என் எண்ணம்.

அவர் முகம் மாறவில்லை. "ஆப் பைட்டியே" என்று எனக்கு ஆசனம் காட்டினார். பிறகு, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பேத்தியைக் கூப்பிட்டு, "பேட்டா, ஆப் பானி லாயியே" என்றார். அதாவது, "குழந்தாய், நீங்கள் தண்ணீர் கொண்டு வாருங்கள்!"

எனக்குச் சுரீரென்றது. குழந்தைக்கே 'நீங்கள்' என்கிறவருக்கு நான் கொடுத்த மரியாதை என்ன?

தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாஃப் கீஜியே, ஆப் கித்னா லேங்கே?" என்று மறுபடி கேட்டேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை!

ஆகவே, சகோதரிகளே, சந்தேகம் வந்தால் எல்லாருக்கும் 'ஆப்' போடுங்கள். ரிக்ஷாக்காரரிடம் "பையா, ஆப் சலேங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். திரும்பும்போது நான் கேட்டேன். பைகளை அவரே வாங்கி ஏற்றி வைத்தார்.