முதல்ல கம்பியைப் பாருங்க!

சமயபுரம் பைபாஸ்ல சாயங்காலம் பார்பிக்யூ வாசனை உங்களையும் இழுத்திருக்கும். நான் மெனுவுக்கு முன்னாடி அடுப்புக் கம்பியைத்தான் பார்ப்பேன். நேத்து ஒட்டின கொழுப்பும் மசாலாவும் இன்னைக்குத் தணல்ல கருகி, அந்தப் புகை நம்ம கறியிலதான் படியும். கொழுப்பு கருகுற புகையில புற்றுநோயோட தொடர்புள்ள வேதிப்பொருட்கள் உண்டு.

சரி, எஃகு முள் பிரஷ் போட்டுத் தேய்ச்சா போதுமா? அதுலயும் ஆபத்து இருக்கு. உதிர்ந்த முள் கறியோட உள்ளே போய், தொண்டையிலும் குடலிலும் குத்தின 6 பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-லேயே எழுதியிருக்கு.

நம்ம வீட்டு வழியே நல்ல வழி. கம்பி சூடா இருக்கும்போதே மரத்துண்டால சுரண்டுங்க; ஆறினா கொழுப்பு இறுகிடும். அப்புறம் தோசைக்கல்லுக்குத் தேய்க்கிற மாதிரி, பாதி வெங்காயத்தை நீளமான கரண்டியில குத்தித் தேய்ங்க. கடைசியா, ஆறின கம்பியை ஈரத்துணியால துடைச்சிடுங்க.

அஞ்சு நிமிஷ வேலைதான். ஹாஸ்டல் மாடியில அடுத்த தடவை அடுப்பு மூட்டும்போது செய்ங்க. சாப்பிடப்போறது நம்ம பசங்கதானே!