கோடு கச்சேரியில் ஆறு மாதம்

“பொம்பிளைப் புள்ளைக்குக் கோடு கச்சேரி என்னத்துக்கு?”

மாமி இப்படிக் கேட்டபோது நான் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பதுளைக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. 2010ஆம் ஆண்டு. மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் கோட்டுப் படி ஏறியவர்கள் எல்லோரும் காணிச் சண்டைக்காக ஏறியவர்கள். ஒருவராவது சிரித்த முகத்தோடு இறங்கி வந்ததில்லை. வாப்பா மட்டும், “இவ்வளவு தூரம் படிச்சதைக் கடைசிப் படியில விடுறதா?” என்றார். உம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும்.

கடைசிப் படி என்று வாப்பா சொன்னது பயிற்சிக் காலத்தை. கொழும்பு புதுக்கடையில் 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரியில் பரீட்சைகளைத் தாண்டிவிட்டால் மட்டும் கறுப்பு அங்கி கிடைத்துவிடாது. அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் தொழில் பழக வேண்டும். அதன் பிறகே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். என் மூத்தும்மா கடைசி வரை “பெரக்கிராசிக் கந்தோர்” என்றே சொன்னார். அவர் காலத்தில் அப்புக்காத்து வேறு, பெரக்கிராசி வேறு. 1974 முதல்தான் இரண்டு வகுப்பும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள்.

நான் தமிழ் மொழியில் படித்தவள். பதுளை நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது சிங்களத்தில். பழைய உறுதிகளோ ஆங்கிலத்தில். முதல் மாதம் முழுக்க நான் அகராதியும் கையுமாகத் திரிந்தேன். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வேண்டும் என்று பின்னால் ஒரு யோசனை வந்து, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த அகராதிதான் ஞாபகம் வந்தது. அந்த விதி என் காலத்தில் இருந்திருந்தால் நான் அந்தக் கந்தோர் வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

எங்கள் சேர் அதிகம் பேச மாட்டார். கந்தோரின் உயிர் கிளாக்கர் நானாதான். முப்பது வருடச் சேவை. எந்த உறுதி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்கு வேலை கற்றுத் தந்தவரும் அவரே.

நம் சகோதரிகளும் வந்தார்கள். பிள்ளைகளின் தாபரிப்புப் பணம், தலாக், பஸஹ். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் ஆஜராக இடமில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் நாங்கள் மனுவை ஒழுங்காக எழுதிக் கொடுப்போம், எதை எப்படிக் கேட்பது என்று சொல்லி அனுப்புவோம். காதியார் கட்டளையிட்டும் கணவன் காசு கட்டாவிட்டால், அவரது சான்றிதழின் பேரில் நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிடலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வருடக்கணக்காக வீட்டில் இருந்து அழுத பெண்களை நான் கண்டேன்.

ஆனால் எனக்குத் தொழில் படிப்பித்தது ஒரு தோட்டத்து அம்மா.

மடுல்சீமைப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதிப் பணம் எடுக்க வேண்டும். ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போட்டுச் சேர்த்த பணம். பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அவருக்கு அந்த வயது தாண்டி வருடங்கள் ஆகியும் பணம் கிடைக்கவில்லை. காரணம், பெயர். பிறப்புப் பதிவில் ஒரு பெயர். செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய இன்னொரு பெயர். 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் மூன்றாவது. அது போதாதென்று, 1975இல் தோட்டம் அரசுக்குப் போனது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. ஒரே லயத்தில் இருந்துகொண்டே அவர் மூன்று முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறார்!

மூன்று பெயரும் ஒருத்தியே என்று சத்தியக் கடதாசி எழுத வேண்டும். சேர் அதை என்னிடம் தந்தார். பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும் என்று அந்த அம்மாவுக்கு நான் பெருமையாக விளக்கம் வேறு சொன்னேன். அவர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். கடதாசியை ஏற்கவில்லையாம். எடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்கிறேன். விளக்கம் சொன்ன அதே இலக்கம்.

“பரவாயில்லீங்க மிஸ்” என்றார். “வீட்டுல இப்ப மகதான் மலைக்குப் போறா. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு ரெண்டு தடவையும் அவதான் கூட வந்தா. ரெண்டு பேர் போச்சு.”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ் காசையாவது கொடுப்போம் என்று கைப்பையைத் திறந்தேன். கிளாக்கர் நானா கண்ணால் தடுத்தார். அவர்கள் போன பிறகு, “காசு குடுத்தா உங்க மனசுக்குத்தான் லேசு. அந்தப் புள்ள மூணாவது பேரும் இழக்காம இருக்க வழி பாருங்க” என்றார். சேர் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நானே புதிய கடதாசியோடு தோட்டத்துக்குப் போவது. வீட்டில் சொன்னதும் மாமி நெஞ்சில் கை வைத்தார். உம்மா என் நானாவைத் துணைக்கு அனுப்பினார். பசறையில் பஸ் மாறி, இறங்கி ஒரு கட்டை தூரம் மேட்டில் நடந்தோம். கடைத்தெருவில் இருந்த சமாதான நீதவான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் எழுத்தை அவரே வரி வரியாக வாசித்துக் காட்டினார். இலக்கத்தை நான் மூன்று தரம் ஒப்பிட்டேன். அந்த அம்மா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. ரேகை தெளிவாக விழ இரண்டாவது முறையும் வைக்க வேண்டி வந்தது.

லயத்தில் தேத்தண்ணி தந்தார்கள். குடித்து முடிப்பதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு சீலைப்பை. உள்ளே மடித்து மடித்துக் கிழிந்த பிறப்புச் சான்று, சம்பளத் துண்டு, இறந்துபோன கணவனின் அட்டை. ‘எங்களுக்கும் ஒருக்கா பாருங்க மிஸ்.’ நான் பார்க்க உட்கார்ந்தேன். நானா வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். அன்று மஃரிபுக்கு மட்டுமல்ல, இஷாவுக்கும் வீட்டில் இல்லை.

பணம் கிடைத்ததாகக் கிளாக்கர் நானா தொலைபேசியில் சொன்னபோது நான் புதுக்கடையில் பிரமாணம் எடுத்து முடித்திருந்தேன். ஊருக்கு வந்த மறுநாள் மாமி வந்தார். சுகம் விசாரித்தார், தேத்தண்ணி குடித்தார். பிறகு கதவை ஒருக்களித்துவிட்டு, மடியில் இருந்து ஒரு பழைய உறுதியை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“இதுல வாப்பாட பேரு சரியாத்தான் விழுந்திரிக்கா பாருங்க மகள்.”