ஏழு முழப் பாதையும் எங்கள் எண்ணூறு சதுர அடியும்

வீடு கட்ட நினைக்கும் நடுத்தரக் குடும்பத்தார் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை சதுர அடி கட்டலாம்?" என்பதைத்தான். நானும் அதையே கேட்டேன். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்பது பிறகுதான் விளங்கிற்று.

என் மனைவிக்குத் தாய்வழிப் பங்காக வந்த மனை 20 அடி அகலமும் 40 அடி நீளமும் உடையது. இரண்டு சென்டுக்கும் குறைவு. இடிந்து கிடந்த பழைய வீடொன்றும், பின்புறம் ஓர் உறைகிணறும் அதில் இருந்தன. தமிழக அரசு 2019இல் கொண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, எங்களைப் போன்றோர் கட்டும் சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது, எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டினால் மனைப்பரப்பைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் 1600 சதுர அடி கட்டலாமே என்று உள்ளம் பூரித்தது. உம்மாவுக்குக் கீழே ஓர் அறை, பெண்மக்கள் இருவருக்கும் ஓர் அறை, பதினொரு வயது மகனுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஒன்று, என் கிதாபுகளுக்கு ஒன்று என மனத்திற்குள்ளேயே பங்கிட்டு முடித்துவிட்டேன்.

பொறியாளர் தாளில் கோடு போடத் தொடங்கினார். முன்னே தெருப்பக்கம் 5 அடி, பக்கவாட்டில் ஒரு மீட்டர் காலியாக விட வேண்டும் என்றார். கிணற்றுக்காகப் பின்னே 5 அடியை நாங்களே விட்டோம். எஞ்சியது 30 அடிக்குப் பதினாறே முக்கால் அடி. சுமார் 500 சதுர அடி. வெளிச்சுவர்களின் கனத்தையும் கழித்தால் உள்ளே கிடைப்பது 435 சதுர அடிதான். சரியாக ஒரு சென்ட்! 1600ஐ எட்ட வேண்டுமானால் தளத்தின் மேல் தளமாக எழுப்பிக்கொண்டே போக வேண்டும். அதற்கு உம்மாவின் முழங்காலிலும் வலுவில்லை, என் கையிருப்பிலும் வலுவில்லை. வட்டிக்கு வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். ஆகவே வாசகர்களே, நீங்கள் சிறு மனை வாங்குவதானால் குறியீட்டை விசாரிக்கும் முன் எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று விசாரியுங்கள்.

மேஸ்திரி நல்ல மனிதர். என் முகவாட்டத்தைக் கண்டு, "ஹஜ்ரத், இந்தத் தெருவிலே யார் இடம் விட்டிருக்கிறார்கள்? பக்கத்து இடைவெளியையும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிடலாம். ஒரு சின்ன அறை கிடைக்குமே. வரைபடம் அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு இரவுகள் அந்த அறை என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. என் கிதாபுகளைக்கூட அதில் அடுக்கிப் பார்த்தேன்.

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்ட, 3500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு இணையவழியில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் இல்லை, பெரிய வசதி. ஆனால் விதிப்படியே கட்டுகிறேன் என்று உறுதி கூறுபவர் வீட்டுக்காரர்தாம். காலை மக்தபில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சியின் பாவத்தைப் பாடமாக நடத்திவிட்டு, மாலையில் அந்த உறுதிமொழிக்குக் கீழே நான் எப்படிப் பெயரிடுவேன்?

இன்னொன்றும் உறுத்தியது. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் ஜனாஸாவைத் தூக்கிச் சென்றோம். இரு பக்கத்துப் படிகளும் முன்னே நீண்டு நெருக்கிய ஓரிடத்தில் சந்தூக்கைத் தலைக்கு மேல் உயர்த்திச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவருடைய மகன் "மெல்ல, மெல்ல" என்று அழுதுகொண்டே வந்தார். அப்படிகளில் ஒன்று, இடிந்து கிடந்த எங்கள் வீட்டுடையது. பாதையின் அளவில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஏழு முழம் என்பது நம் கணக்கில் ஏறத்தாழப் பத்தரை அடி. பலமுறை ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். முழக்கோல் வைத்து எங்கள் தெருவை அளந்தது அந்த வாரம்தான்.

வடபுறத்து மாமி தனியாக வாழ்பவர். அவருடைய அடுப்படிக்கு ஒரே சன்னல். அது எங்கள் பக்கம் பார்க்கிறது. நான் ஆசைப்பட்ட அறை அந்தச் சன்னலை அடைத்திருக்கும்.

அறையைக் கைவிட்டேன் என்றதும் உம்மா, "எனக்கு அறை வேண்டாம் தம்பி, கூடத்திலே முசல்லா விரிக்க இடமிருந்தால் போதும்" என்றார். அதற்கு நான் இசையவில்லை. சூரத்துந் நூர், ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. அனுமதி கேட்பதற்கு ஒரு கதவாவது இருக்க வேண்டுமே! ஆகவே அறைகளைச் சுருக்கினோம். ஒவ்வொன்றுக்கும் கதவு வைத்தோம். கீழே உம்மாவின் அறை, கூடம், அடுப்படி. மேலே இரண்டு அறைகள். மகன் கூடத்தில் படுப்பான். கிதாபுகள் மாடிப்படிச் சுவரில் அலமாரியாக ஏறும். அரிசிப் பானைக்குப் படியின் அடியில் இடம். மாமி வீட்டுப் பக்கத்துச் சன்னல்கள் ஐந்தரை அடி உயரத்தில். கழிப்பறையில் அமரும் திசையை வடக்கு தெற்காக முன்கூட்டியே குறித்துவிட்டோம். குழாய் பதித்த பின் கிப்லாவை நினைத்துப் பயனில்லை. மழைநீர்க் குழாய் கிணற்றுக்குப் போகிறது.

இளைஞராக இருந்தபோது நபியவர்களின் துணைவியாருடைய இல்லங்களின் கூரையைத் தம் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரீ (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள். என் மூத்த மகளிடம் இதைச் சொன்னேன். "நமக்குப் பத்தடி உயரம் வையுங்கள் வாப்பா" என்றாள். வைத்திருக்கிறோம்.

முதல் வேலையாகப் பழைய படியைக் கடப்பாரையால் பெயர்த்தெடுத்தோம். இப்போது கடைக்கால் தோண்டியாகிவிட்டது. மேஸ்திரிக்கு என்மீது இன்னும் சிறு மனத்தாங்கல். சென்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மாமி சன்னலருகே வந்து, "சுவர் எங்கே வருகிறது ஹஜ்ரத்?" என்று கேட்டார். சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.